அமைதியும் அறிவாற்றலும்

ஈப்போவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்துள்ள பழைய ஊர் கோப்பெங். ஈயம் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது. ஈய லம்பங்கள் ஒரு பக்கம் இயங்க, மறுபக்கம் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழர்கள் அத்தோட்டங்களில் பால்மரம் சீவினர். இன்று பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், பால்மரக் காட்டு வேலையை நினைவில் வைத்திருக்கும் பாட்டிமார்களும் தாத்தாக்களும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது? விடியும் முன்பே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாகத் தமக்குரிய நிரைக்குச் செல்ல வேண்டும். அதன் பிறகு பல மணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஒரு மரத்தை அடுத்து இன்னொரு மரம் என நூற்றுக்கணக்கான மரங்கள் காத்திருக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. உளி அதைக் கீறிவிட்டால் அந்த இடத்தில் பட்டை மீண்டும் சீராக வளராது. பயந்து மேலோட்டமாகச் சீவினாலோ பால் குறைந்துவிடும். வளர்படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்பாக உளி நின்றுவிட வேண்டும். மரத்துக்கு மரம் பட்டையின் தடிப்பு வேறுபடும். மழை பெய்த மறுநாள் அது வேறு மாதிரி இருக்கும். இவ்வளவையும் தலைவிளக்கின் வெளிச்சத்தில், கைப்பழக்கத்தைக் கொண்டே கணிப்பது சிறிய அறிவாற்றல் அன்று. ஆனால், அதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கங்காணியிடமும் கிராணியிடமும் எடுத்துப் பேசத் தெரிந்தவரே பலரின் கண்ணுக்குக் கெட்டிக்காரராகத் தெரிந்தார். எடுத்துப் பேசுவதும் ஒரு திறமைதான். தோட்ட மக்களுக்கு அது மிகவும் தேவைப்பட்டது. ஒரு திறமை காதில் விழுந்தது. இன்னொன்று மரத்தோடு நின்றுவிட்டது. வேறுபாடு அவ்வளவே.

பேச்சையும் அறிவையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் தமிழில் வேரூன்றியது. ‘வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்’ என்பார்கள். அதே வாயால் ‘நிறைகுடம் தளும்பாது’ என்றும் சொல்வார்கள். முதல் பழமொழியின்படி பேசுபவர் கெட்டிக்காரர். இரண்டாவதன்படி பேசாதவர்தான் அறிவாளி. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடியாது. நடைமுறையில், பக்கத்தில் இருப்பவர் எப்படிப்பட்டவரோ அதற்கேற்ற பழமொழியை எடுத்துக்கொள்கிறோம்.

திருக்குறளில் ‘அவையஞ்சாமை’ என்றோர் அதிகாரம் உண்டு. நன்கு கற்றிருந்தும் அவையில் பேச அஞ்சுகிறவர்களை வள்ளுவர் அதில் கடுமையாகவே பேசுகிறார். கல்லாதவர்களைவிடக் கீழான இடத்தில் அவர்களை வைக்கிறார். இக்கண்டிப்பைச் சற்று நிதானமாகப் படித்தால் வேறொன்றும் புலப்படும். அவர்கள் கற்றவர்கள் என்பதை வள்ளுவர் மறுக்கவே இல்லை. கல்வி வேறு, அவையில் நிற்கும் துணிவு வேறு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாதிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே அவர் குறை சொல்கிறார்.

இக்கேள்வி இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவருக்கு வெறும் பழமொழி ஆராய்ச்சி அன்று. கோப்பெங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டை முடித்த மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே அவள் மேடை ஏறிக் கதை சொன்னவளாக இருக்கலாம். முதலாம் படிவத்தில் கணிதம், அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் மலாய்மொழி வழியாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். விடை அவளுக்குத் தெரியும்; அதை மலாய்மொழியில் தவறில்லாமல் எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் அமைக்கிறாள். அதற்குள் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்துவிடுகிறது. இவ்வாறு ஒரு தவணை முழுவதும் நடந்தால், ‘அமைதியான பிள்ளை’ என்ற பெயர் முதலில் வரும். அடுத்து ‘மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை’ என்ற பெயர் வரும். இரண்டாவது பெயர் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை. கடைசியில் அந்த மாணவியே அதை நம்பிவிடுவதுதான் பெரிய இழப்பு. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்கு முன்பு ஓராண்டு பயிலப் புகுமுக வகுப்பு ஏற்படுத்தப்பட்டது. அது மொழிக்காக ஏற்படுத்தப்பட்ட வகுப்பு. அதில் சேர்வதை அறிவுக் குறைவாகக் கருதியவர்களும் உண்டு.

அப்படியானால் ஆளுமைக்கும் அறிவாற்றலுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா? இதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே. தியோடர் சிமோன் என்பவருடன் இணைந்து, 1905 ஆம் ஆண்டு முதல் அறிவாற்றல் சோதனையை உருவாக்கியவர் அவர். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அச்சோதனையின் நோக்கம்.

அந்தச் சோதனைக்குப் பல ஆண்டுகள் முன்பே பினேயின் வீட்டில் வேறோர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மடலின், ஆலிஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் நடை பழகியபோது, அடுத்துப் பிடித்துக்கொள்ள நாற்காலியோ மேசையோ அருகில் இருப்பதை உறுதிசெய்த பிறகே கையில் பிடித்திருந்ததை விடுவாள். இளையவளோ, விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல் அறையின் வெற்றிடத்தை நோக்கிச் சிரித்துக்கொண்டே அடியெடுத்து வைப்பாள். ஒரே வீடு, ஒரே பெற்றோர். நடையிலேயே இரண்டு சுபாவம். பிள்ளைகள் வளர்ந்த பின்னும் பினே தொடர்ந்து கவனித்தார். மூத்தவளின் சிந்தனை கூர்ந்த கவனமும் ஒழுங்கும் கொண்டது. இளையவளின் சிந்தனை கற்பனையும் கனவும் நிறைந்தது. ஒரு பொருளைக் காட்டி எழுதச் சொன்னால் மூத்தவள் அதில் கண்டதை எழுதுவாள். இளையவள் அது தன் மனத்தில் எழுப்பியதை எழுதுவாள். அவர்களுக்குப் புனைபெயர் சூட்டி இவற்றையெல்லாம் 1903 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

இவ்விருவருள் யார் அறிவாளி? அந்தக் கேள்விக்கு ஒரே அளவுகோலில் விடை சொல்ல முடியாது என்பதைப் பினே வீட்டிலேயே உணர்ந்திருந்தார். அறிவு வெளிப்படும் வழி ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால்தான், தாம் உருவாக்கிய சோதனை தரும் எண்ணைப் பிள்ளையின் நிலையான அளவாகக் கொள்ளக்கூடாது என்றும், பயிற்சியால் அறிவாற்றல் வளரக்கூடியது என்றும் அவர் வலியுறுத்தினார். பிற்காலத்தில் சோதனையைப் பயன்படுத்திய பலர் எண்ணைப் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

ஆளுமையை வகைப்படுத்தும் முயற்சியும் அதே காலத்தில் வளர்ந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் யுங் 1921 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அகமுகர், புறமுகர் என்னும் பிரிவுகளை விளக்கினார். மனத்தின் ஆற்றல் தம் உள்ளத்தை நோக்கிச் செல்பவர் அகமுகர். வெளியே உள்ள மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் நோக்கிச் செல்பவர் புறமுகர். யாரும் முற்றிலும் ஒரு பக்கத்தவர் அல்லர் என்பதே யுங்கின் கருத்து. அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் என்ற மகளும் இக்கருத்தை விரிவுபடுத்தி, மனிதர்களை 16 வகைகளாகப் பிரிக்கும் வினாப் படிவம் ஒன்றை உருவாக்கினர். ஆங்கில எழுத்துகள் நான்கைச் சேர்த்து ஒருவரின் வகையைக் குறிக்கும் முறை அதிலிருந்து பிறந்ததுதான். ‘இந்த வகையினர்தான் மேதைகள்’ என்று இன்று பலரும் சொல்லித் திரிவதற்கு அப்படிவத்தில் ஆதாரமில்லை. திறமையை அளப்பது அதன் நோக்கமன்று என்று அதனை வெளியிடுபவர்களே கூறுகின்றனர்.

வகை பிரிப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு வகுப்பு மாணவர்களை 160 சென்டிமீட்டரில் கோடு போட்டு ‘உயரமானவர்’, ‘குள்ளமானவர்’ என்று பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 159 சென்டிமீட்டர் உயரமுள்ளவரும் 161 சென்டிமீட்டர் உயரமுள்ளவரும் எதிரெதிர் வகையில் போய்ச் சேருவார்கள். ஆனால், 161 உள்ளவரும் 185 உள்ளவரும் ஒரே வகை ஆகிவிடுவார்கள். ஆளுமையும் உயரத்தைப் போன்றதே. பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். ஆகவே, கோட்டுக்கு அருகில் இருப்பவர் சில வாரங்கள் கழித்து அதே படிவத்தை நிரப்பினால் வேறு வகையாக வெளிவருவதும் உண்டு.

இக்காரணத்தால் இன்றைய உளவியலாளர்களுள் பெரும்பாலோர் வகைகளை விட்டு, ஐந்து பண்புகளை அளவிடுகின்றனர். புதியன நாடும் ஆர்வம், பொறுப்புணர்வும் ஒழுங்கும், புறமுக நாட்டம், பிறரோடு இணங்கும் தன்மை, எளிதில் கலங்கும் மனம் ஆகியவையே அவ்வைந்து. ஒவ்வொருவரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறுபடும். இவ்வளவுகளை அறிவாற்றல் சோதனைகளின் புள்ளிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். அவற்றின் முடிவுகளைப் புரிந்துகொள்ள ‘ஒட்டுறவு’ என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டும். ஒரு வகுப்பு மாணவர்களை ஒரு பண்பின்படி வரிசைப்படுத்தி, பிறகு சோதனைப் புள்ளியின்படியும் வரிசைப்படுத்துவதாகக் கொள்வோம். இரண்டும் சிறிதும் மாறாமல் ஒன்றுபட்டுச் சென்றால் ஒட்டுறவு 1. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லையென்றால் 0.

புறமுக நாட்டத்துக்கும் அறிவாற்றலுக்கும் இடையே கண்டறியப்பட்ட ஒட்டுறவு ஏறக்குறைய 0. அதாவது, ஒருவர் கலகலப்பானவர் என்பதைக் கொண்டோ அமைதியானவர் என்பதைக் கொண்டோ அவருடைய அறிவாற்றலைப் பற்றி எதுவும் கணிக்க இயலாது. மேற்சொன்ன இரண்டு பழமொழிகளும் இந்த இடத்தில் ஒருசேரத் தோற்றுப் போகின்றன.

புதியன நாடும் ஆர்வத்துக்கு மட்டும் ஓரளவு தொடர்பு இருக்கிறது. அதன் ஒட்டுறவு 0.2 முதல் 0.3 வரை என்று பொதுவாகக் கூறலாம். 0.3 என்பது பெரியதாகத் தோன்றும். அதை அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தால் 0.09 கிடைக்கும். மாணவர்களுக்கிடையே காணப்படும் அறிவாற்றல் வேறுபாட்டில் 9 விழுக்காடு மட்டுமே இந்த ஆர்வத்தோடு சேர்ந்து செல்கிறது என்பது இதன் பொருள். எஞ்சிய 91 விழுக்காட்டை இதைக் கொண்டு விளக்க முடியாது. மேலும், புதிர்களுக்கு விடை காணும் ஆற்றலைவிடச் சொல்வளம், பொது அறிவு ஆகியவற்றோடுதான் இந்த ஆர்வம் நெருக்கமாக இணைந்திருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆர்வமுள்ளவர் நிறைய வாசிக்கிறார். வாசிப்பவருக்குச் சொற்கள் சேர்கின்றன. ஆனால், சொல்வளம் எந்த மொழியில் அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். வீட்டில் தமிழ் பேசி, தமிழ் நூல்களை வாசித்து வளர்ந்த பிள்ளையின் சொல்வளத்தை வேறொரு மொழியில் மட்டும் அளந்தால், அப்பிள்ளை சேர்த்து வைத்ததில் ஒரு பகுதியே கணக்கில் வரும்.

எளிதில் கலங்கும் மனம் உள்ளவர்களின் சோதனைப் புள்ளிகள் சிறிதளவு குறைந்திருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களின் அறிவு குறைவு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கணக்கு ஒன்றைச் செய்யும்போது இடைப்பட்ட எண்களை மனத்தில் தற்காலிகமாக வைத்திருக்க வேண்டும். ‘நேரம் போதுமா? தவறிவிட்டால் அப்பா என்ன சொல்வார்?’ என்ற கவலை அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு மிஞ்சுவது கொஞ்சமே. தேர்வு மண்டபத்தில் குறைந்தது புள்ளிதான். அதே கணக்கை வீட்டு மேசையில் அமர்ந்து செய்தால் சரியாக வந்துவிடுகிறதே!

பொறுப்புணர்வின் கதை சற்று வேறுபட்டது. அதற்கும் அறிவாற்றல் சோதனைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை. ஆனால், பள்ளித் தேர்வுப் புள்ளிகளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது, ஒட்டுறவு 0.2 அளவில் வருகிறது. வீட்டுப்பாடத்தை அன்றன்று முடிப்பவரும், மறுபார்வைக்கு நேரம் ஒதுக்குபவரும் தேர்வில் முன்னேறுவதில் வியப்பில்லை. சில வீடுகளில் ‘என் பிள்ளைக்கு மூளை இருக்கிறது, முயற்சிதான் இல்லை’ என்று பெருமையும் வருத்தமுமாகச் சொல்வதுண்டு. இவை இரண்டும் வேறு வேறு என்பதைப் பெற்றோர் சரியாகவே கண்டுகொள்கிறார்கள்.

கலகலப்புக்கும் அறிவாற்றலுக்கும் தொடர்பில்லை என்றால், அப்படி ஒன்று இருப்பதாக மக்கள் ஏன் உறுதியாக நம்புகிறார்கள்? அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெமரன் ஆண்டர்சன், கெவின் கில்டஃப் ஆகிய இருவரும் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கணக்குகளைக் கொடுத்து, ஒன்றுகூடி விடை காணச் சொன்னார்கள். முடிந்ததும், குழுவில் யார் திறமையானவர் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். முந்திக்கொண்டு உறுதியான குரலில் பேசியவர்களுக்கே அதிக மதிப்பு கிடைத்தது. ஆனால், கணிதத்தில் அவர்கள் மற்றவர்களைவிடச் சிறந்தவர்களாக இருக்கவில்லை. கேள்விகளில் 94 விழுக்காட்டுக்கு, யாரோ ஒருவர் முதலில் சொன்ன விடையே குழுவின் இறுதி விடையாக அமைந்தது. அது சரியா என்று சோதித்துப் பார்க்கும் முன்பே குழு அதை ஏற்றுக்கொண்டது.

வகுப்பறையில் குழுவேலை செய்த எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஏமாற்றும் நோக்கம் யாரிடமும் இல்லை. உறுதியாகச் சொல்லப்படும் விடை உண்மையைப் போலக் கேட்கிறது. தயங்கிச் சொல்லப்படும் சரியான விடையோ தவறைப் போலக் கேட்கிறது. பாதிக்கப்படுபவர் அமைதியான மாணவர் மட்டுமல்லர். அவர் வாயைத் திறந்திருந்தால் திருத்தப்பட்டிருக்கக்கூடிய தவறான விடையோடு குழு முழுவதும் எழுந்து போகிறது.

சுபாவமும் அறிவும் தனித்தனி என்பதற்குத் தமிழ்நாட்டின் ஒரே குடும்பத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கிடைக்கிறது. சர் சி.வி. இராமன் 1888 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1930 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் பேச எழுந்தால் அவை நிமிர்ந்து உட்காரும். அறிவியலே அறியாதவர்களையும் கட்டிப்போடும் வகையில் நகைச்சுவையும் நாடகத்தன்மையும் கலந்து பேசுவார். தம் திறமையில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. அந்த ஆண்டின் பரிசு அறிவிக்கப்படும் முன்பே ஸ்வீடன் பயணத்துக்குக் கப்பல் சீட்டுப் பதிவு செய்துவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 ஆம் ஆண்டு லாகூரில் பிறந்து சென்னையில் கல்வி கற்றவர். சிற்றப்பாவின் சுபாவத்துக்கு நேர் எதிரானவர். அடக்கமானவர், ஒதுங்கி வேலை செய்வதை விரும்பியவர். 1930 ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, அந்தப் பயணத் தனிமையில் ஒரு கணக்கைச் செய்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் ஒன்று வெண்குறுமீனாகச் சுருங்கி நிலைபெற வேண்டுமானால், அதன் பொருண்மை ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அக்கணக்கின் முடிவு. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கே அந்த எல்லை. 1935 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அதனை அவர் விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் உலகப் புகழ்பெற்ற வானியலாளர், சொல்வன்மை மிக்கவர். சந்திரசேகரின் முடிவை அவர் ஏளனம் செய்ய, அவை சிரித்தது. அன்றைய அவையில் நம்பப்பட்டவர் எடிங்டன். கணக்குச் சரியாக இருந்ததோ சந்திரசேகருடையது. சந்திரசேகர் கூச்சல் போடவில்லை. தம் ஆய்வை 1939 ஆம் ஆண்டு நூலாக எழுதி முடித்துவிட்டு அடுத்த துறைக்குப் போனார். பிற்காலத்தில் அவ்வெல்லைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டு அவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இருவரை மட்டும் வைத்து எந்த விதியையும் நிறுவிவிட முடியாது. அமைதியாக இருந்ததால் சந்திரசேகர் மேதையானார் என்று சொன்னால், சிற்றப்பாவை என்ன செய்வது? ஒரே குடும்பத்தின் இரண்டு நோபல் பரிசுகளும் இரு வேறு சுபாவங்களின் வழியாக வந்தன என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

மலேசியப் பள்ளிகளுக்கு இந்தப் பேச்சு புதிதன்று. 2011 ஆம் ஆண்டு அறிமுகமான பள்ளிசார் மதிப்பீட்டுத் திட்டத்தில் தேர்வுப் புள்ளிகளோடு, மாணவரின் ஆளுமை, நாட்டம் போன்றவற்றை அறியும் உளவியல் அளவீட்டுக்கும் இடமளிக்கப்பட்டது. ஆலோசக ஆசிரியரின் அறையில் மாணவர்கள் நிரப்பும் படிவங்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அப்படிவத்தின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி தயக்கத்தோடு நிற்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

“டீச்சர், எனக்கு அகமுகம் என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் நான் சட்டம் படிக்க முடியாதா?”

“ஏன் முடியாதும்மா? உனக்கு எது பிடிக்கும் என்றுதான் இந்தத் தாள் கேட்டது. உன்னால் எது முடியும் என்று அது கேட்கவே இல்லையே.”

“ஆனால், வழக்கறிஞர் என்றால் நிறையப் பேச வேண்டுமே, டீச்சர்.”

“பேச வேண்டும்தான். அதைவிட நிறைய வாசிக்கவும் வேண்டும். உனக்கு வாசிப்பது பிடிக்கும் என்று இதே தாளில் இருக்கிறது, பார். பேசுவதைப் பழகிக்கொள்ளலாம்.”

பழகிக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொன்னது வெறும் ஆறுதல் மொழி அன்று. பேச்சு ஒரு திறன். திறன் பயிற்சியால் வளரும். அகமுகராக இருப்பவர் புறமுகராக மாற வேண்டியதில்லை. அவைக்கு முன் ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசக் கற்றுக்கொண்டால் போதும். எஸ்.பி.எம். மலாய்மொழித் தேர்வில் பேச்சுச் சோதனையும் உண்டு என்பதால் அமைதியான மாணவருக்கு இப்பயிற்சி தவிர்க்க முடியாதது. வள்ளுவரின் கண்டிப்புக்கு இன்றும் வேலை இருக்கிறது.

ஆனால், சுமை முழுவதையும் மாணவர் தலையிலேயே ஏற்றிவிடுவது நியாயமன்று. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970ஆம் ஆண்டுகளில் வகுப்பறை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, மிக எளிய ஒன்றை அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரே வினாடி. அதற்குள் விடை வராவிட்டால் கேள்வி அடுத்தவரிடம் போய்விடும், அல்லது ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுவார். ஒரு வினாடியில் யார் கை உயரும்? விடை தெரிந்தவர் கை என்று சொல்ல முடியாது. துணிந்தவர் கை உயரும். மனத்துக்குள் தமிழிலிருந்து மலாய்மொழிக்கு வாக்கியத்தை மாற்றிக்கொண்டிருக்கும் மாணவிக்கு ஒரு வினாடி எந்த மூலைக்கு?

ஆசிரியர்களை மூன்று வினாடிக்கு மேல் காத்திருக்கப் பழக்கினார் ரோவ். மாணவர்களின் விடைகள் நீண்டன. ‘எனக்குத் தெரியாது’ என்ற விடையும் பேசாமல் நிற்பதும் குறைந்தன. மெதுவாகக் கற்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த மாணவர்கள் அதிகமாகப் பேசத் தொடங்கினர். அப்போது ஆசிரியர்களிடமும் ஒரு மாற்றம் தென்பட்டது: ‘இவரிடமிருந்து பெரிதாக ஒன்றும் வராது’ என்று எண்ணியிருந்த மாணவர் சிலரைப் பற்றிய தங்கள் எதிர்பார்ப்பை அவர்கள் உயர்த்திக்கொண்டனர். மாணவர்கள் அதே மாணவர்கள்தான். காத்திருந்த நேரம் மட்டும் இரண்டு வினாடி கூடியிருந்தது.